பிரசாதத்துக்கு சுகர் ஏறாது

என் அண்ணனுக்குச் சோறு போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் பொறுமை என்றால் என்னவென்று தெரியும். எனக்கு அது பிறவியிலேயே குறைவு. இருந்த கொஞ்சநஞ்சத்தையும் அவர் தின்று தீர்த்துவிட்டார்.

அண்ணி காலமான பிறகு அண்ணன் பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கும் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கே வந்துவிட்டார். பினாங்குத் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் கிடையாது. அவருக்குச் சர்க்கரை வியாதி இருப்பது குடும்பத்துக்கே தெரியும். அவர் மட்டும் அதைப் பேச்சுவார்த்தை இல்லாத தூரத்து உறவுக்காரர் மாதிரி வைத்திருந்தார். பிறகு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. வலது கண் ரொம்ப மோசம். எதிரே வருவது ஆளா மோட்டார் சைக்கிளா என்று கேட்கிற நிலைக்கு வந்ததும் நான்தான் அவரை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கண் டாக்டர் நம் ஆள்தான், சின்னப் பெண். பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "சின்ன ஆப்பரேஷன்தான் அங்கிள். ஆனா சுகர் இவ்வளவு இருக்கும்போது செய்ய முடியாது. புண்ணு ஆறாது, கிருமி புகுந்துடும். மூணு மாசச் சுகர் எவ்வளவுன்னு ரத்தத்துல பாத்துதான் தேதி குடுப்போம். இறக்கிட்டு வாங்க."

ஆக, விஷயம் ரொம்பச் சுலபம். சர்க்கரை இறங்கினால் கண். இறங்காவிட்டால் கண் இல்லை. இதைப் பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்குச் சொன்னாலும் புரியும். என் அண்ணனுக்குப் புரியவில்லை, அல்லது நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே நான் அடுப்படியில் இறங்கிவிட்டேன். வெள்ளை அரிசியைத் தூக்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். பசாரில் பிரவுன் ரைஸ் வாங்கினேன், ஓட்ஸ் வாங்கினேன், வாரத்துக்கு மூன்று நாள் பாகற்காய். அண்ணன் முதல் நாள் தட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி இது? மனுஷன் சாப்பிடுறதா, கோழிக்குப் போடுறதா?"

"சாப்பிடுங்கண்ணே. ஒடம்புக்கு நல்லது."

அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லியிருக்கவே கூடாது. நல்லது என்று சொன்னதும் மனிதர் அதைப் பிடித்துக்கொண்டார். ஒரு அகப்பை சாப்பிட்ட இடத்தில் மூன்று அகப்பை. கேட்டால், "நீதான லா நல்ல அரிசின்னு சொன்ன? நல்லதைச் சாப்பிடுறதுக்கும் திட்டுறியா?" என்பார். பிரவுன் ரைஸ் தொண்டையில் இறங்காது என்று அதன்மேல் குழம்பை ஊற்றி ஊற்றித் தட்டே தெப்பக்குளமாகிவிடும். பாகற்காயைத் தின்றுவிட்டு வாய்க்கசப்பு போக ஒரு துண்டு வெல்லம் கேட்டார். ஐயோ, தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன்.

தேநீர்க் கதை இன்னும் மோசம். எங்கள் புளோக்குக்குக் கீழே ஒரு மாமாக் கடை, தமிழ் முஸ்லிம் பாய் ஒருவர் நடத்தும் தேநீர்க்கடை. அண்ணன் அங்கே உட்கார்ந்து, மூன்றாவது மாடியில் துணி காயப்போடும் எனக்குக் கேட்க வேண்டும் என்றே குரலை உயர்த்தி, "தே தாரிக், கூராங் மானிஸ்!" என்பார். சீனி குறைவு என்று அர்த்தம். அதைச் சொல்லிவிட்டு உலக மகா தியாகம் செய்தவர் மாதிரி என்னை நிமிர்ந்து பார்ப்பார்.

"அண்ணே, டின் பாலே சீனிதாண்ணே!" என்று மேலேயிருந்து கத்துவேன்.

"சீனி போடல லா. பால்தான் ஊத்துறாரு."

கடைக்காரப் பாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். இந்த ஊரில் பாதிப் பேர் இந்த 'கூராங் மானிஸ்' என்கிற மந்திரத்தைச் சொல்லித்தான் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொண்டிருக்கிறார்கள். டின் பால் என்னவோ வானத்திலிருந்து விழுகிற பனித்துளி என்று நினைப்பு. சீனியே இல்லாத வெறும் தேநீரும் அதே கடையில் கிடைக்கிறது. அதைக் கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமோ என்னவோ.

என் வீட்டுக்காரராவது எனக்குத் துணைக்கு வருவார் என்று பார்த்தால், அந்த மனிதர் கட்சி மாறிவிட்டார். "விடு, பெரிய மனுஷன், வாய்க்கு ருசியா ரெண்டு சாப்பிட்டுப் போறாரு" என்று சொல்லி, வேலை முடிந்து வரும்போது மைத்துனருக்கு ஆப்பம் பாலிக் தாப்பாவ் செய்து, பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வருவார். வேர்க்கடலையும் சீனியும் வெண்ணெயும் மடித்த ஆப்பம். அதுவும் சூடாக. இரண்டு பேரையும் வீட்டைவிட்டுத் துரத்தினால் என்ன என்று எனக்குப் பல முறை தோன்றியிருக்கிறது.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அண்ணன் என் பேச்சைக் கேட்டார். உடற்பயிற்சி. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னதும், "நடக்கிறது என்ன, நான் தண்ணீர்மலை ஏறுறேன்" என்றார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். தண்ணீர்மலை முருகன் கோயில் படிகள் சாதாரணமானவை அல்ல. ஏறி முடித்தால் தொடை கழன்றுவிடும். பழைய துறைமுகக் கூட்டாளி ஒருவர் விடிகாலையில் காரில் வந்து அழைத்துப் போவார். நான் காலுக்கு நல்ல சப்பாத்து வாங்கிக் கொடுத்தேன். அண்ணன் வேர்த்து விறுவிறுத்து, நெற்றி நிறையத் திருநீறோடு திரும்பி வருவதைப் பார்க்கும்போது, இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

ரத்தம் கொடுத்தோம். சர்க்கரை இறங்கவில்லை. ஆப்பரேஷன் தள்ளிப்போனது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தினம் மலை ஏறுகிற மனிதருக்குச் சர்க்கரை எப்படி அப்படியே நிற்கும்? அண்ணனோ கொஞ்சமும் அசரவில்லை. "தைப்பூசம் வருது. ஒரு மண்டலம் வெரதம் இருக்கப் போறேன். பாரு, தானா எறங்கும்" என்றார். விரதம் என்றால் மது மாமிசம் இல்லை, ஒரே வேளைச் சாப்பாடு. டாக்டர் கேட்டதைவிட அதிகமாகவே செய்கிறாரே என்று நான் அடங்கிப் போனேன். முருகன் விஷயத்தில் குறுக்கே பேசவும் பயம்.

அந்த ஒரு மண்டலத்தில் நான் பார்த்ததை என்னவென்று சொல்ல? காலையில் வெறும் பாலும் பழமும் என்றார். பாலில் பனங்கற்கண்டு, பழம் என்றால் ஒரு சீப்பு பிசாங் மாஸ் வாழைப்பழம். மாலையில் அந்த ஒரே வேளைச் சாப்பாடு. இலையில் வெள்ளைச் சோறு மலை மாதிரி குவிய வேண்டும், ஏனென்றால் விரதத்துக்கு பிரவுன் ரைஸ் ஆகாதாம். எந்த முருகன் சொன்னான் என்று கேட்டேன். கறி சாப்பிடாததால் தெம்பு போய்விடும் என்று சீனர் கடையில் விற்கும் சைவ மட்டன் வாங்கி வரச் சொன்னார். கோதுமை மாவைப் பிசைந்து ஆட்டிறைச்சி மாதிரி செய்து எண்ணெயில் பொரித்தது. வெள்ளிக்கிழமை பஜனை என்றால் கேசரி, பாயசம், உளுந்து வடை. தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தலுக்குப் பந்தல் சீனிப்பாகு கரைத்த சிவப்புச் சிராப் தண்ணீர். பால்குடம் எடுத்து இறக்கியவர் தாகம் தீரக் குடித்தார்.

நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். கத்திச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் அவர் என்னைப் பார்த்து, தெய்வ குற்றம் செய்தவளைப் பார்ப்பது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்: "சாமிக்குப் படைச்சதும்மா. பிரசாதத்துக்கு சுகர் ஏறாது."

மறுபடி ரத்தம் கொடுத்தோம். டாக்டர் பெண் தாளைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள்.

"அங்கிள், போன தடவையவிட ஏறியிருக்கே?"

"வெரதம் இருந்தேன் டாக்டர். ஒரு வேளதான் சாப்பாடு."

"அந்த ஒரு வேளையிலயே மூணு வேளைக்கும் சேத்துச் சாப்பிட்டாரு டாக்டர்" என்றேன் நான்.

அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு அவளும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "புரை மறைக்கிறதால கண்ணுக்குப் பின்னால என்ன நடக்குதுன்னு எங்களால சரியாப் பாக்க முடியல அங்கிள். சுகர் அங்கயும் கெடுக்கும். ரொம்ப நாள் தள்ள முடியாது" என்றாள். அண்ணன் தலையைக் குனிந்து, தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தேதி மறுபடியும் தள்ளிப்போனது. வெளியே வந்ததும் அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்ததைக் கவனித்தேன். சரி, இந்த மனிதருக்குச் சுரணையே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு காலை, கூட்டாளியின் காரில் நானும் ஏறி உட்கார்ந்தேன். இந்த மலையில் அப்படி என்னதான் நடக்கிறது என்று என் கண்ணாலேயே பார்த்துவிடுவது என்று முடிவு. எனக்கு முழங்கால் வலி வேறு. நின்று நின்று, மூச்சு வாங்கி ஏறினேன். அண்ணன் எனக்கு முன்னால் ஏறினார். அப்போதுதான் பார்த்தேன். அவர் ஒரு கையால் கம்பியைத் தடவிக்கொண்டே, ஒவ்வொரு படியின் விளிம்பையும் சப்பாத்து முனையால் தேடித் தொட்டுப் பார்த்து, பிறகுதான் காலை ஊன்றினார். கண்ணால் ஏறவில்லை, காலால் ஏறினார். எதிரே இறங்கி வந்தவர்கள் "வணக்கம்ணே" என்றபோது முகத்தைப் பார்க்காமல் குரல் வந்த பக்கம் திரும்பி வணக்கம் சொன்னார். வீட்டுக்குள் பழகின இடம் என்பதால் எனக்கு இது தெரியாமலே இருந்திருக்கிறது.

மேலே பூசை முடிந்து பிரசாதம் கொடுத்தார்கள். காகிதக் கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல், நெய் மிதக்க. அண்ணன் வாங்கினார், சாப்பிட்டார். கூட்டாளி தன் கிண்ணத்தையும், "எனக்கு வேணாம்ணே, நீங்க சாப்பிடுங்க" என்று எப்போதும் செய்கிற வேலை மாதிரி நீட்டினார். அண்ணன் அதையும் வாங்கினார். பூசை மாலைகளைக் கூட்டிக்கொண்டிருந்த அக்கா, அவருக்கென்றே எடுத்து வைத்திருந்தது போல இன்னொரு கிண்ணம் கொண்டுவந்து கொடுத்தார். தினமும் மலை ஏறுவது இதற்குத்தானா! ஏறினதையெல்லாம் மேலேயே தின்று சரிக்கட்டிவிட்டு இறங்கி வருகிறாரா!

எரிச்சல் மண்டைக்கு ஏறியது. கோயில் என்றும் பார்க்கவில்லை, நாலு பேர் நிற்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை.

"அண்ணே! ஒங்களுக்குக் கண்ணு வேணுமா, பொங்கல் வேணுமா? ஒண்ணச் சொல்லுங்க!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, படியோரம் போய் உட்கார்ந்தார். நான் விடவில்லை. பின்னாலேயே போனேன். பிரவுன் ரைஸ், பாகற்காய், நான் கால் கடுக்க ஆஸ்பத்திரியில் காத்திருந்தது என்று ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தேன். "சுகர் எறங்கினா கண்ண சரி பண்ணிடுவாங்க. அவ்வளவுதான லா? அதக்கூட செய்ய முடியாதா ஒங்களால?"

"அதான்" என்றார் அண்ணன்.

"எது?"

"எறங்கினா பண்ணிடுவாங்க இல்ல." குரல் கேட்கவே இல்லை. நான் குனிய வேண்டியிருந்தது. "அங்க காத்திருக்கிற எடத்துல ஒருத்தர் சொன்னாரு. மயக்க மருந்து குடுக்க மாட்டாங்களாம். முழிச்சிக்கிட்டே படுத்திருக்கணுமாம். கண்ண மூட முடியாம தொறந்து வச்சிடுவாங்களாம். கத்தி வர்றத நாமளே பாத்துக்கிட்டு இருக்கணும் தங்கச்சி. என்னால முடியாது."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அந்தப் படியிலேயே உருட்டிவிட்டிருப்பேன். மாதக்கணக்காக நான் அடுப்படியில் குடித்தனம் நடத்தி, அரிசியோடும் பாகற்காயோடும் மல்லுக்கட்டி, கட்டின புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இவர் இங்கே சர்க்கரையை இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதுவும் முருகன் சந்நிதியில், முருகன் செலவில்!

"இத மொதல்லயே என்கிட்ட சொன்னா என்னண்ணே?"

"எப்படிச் சொல்றது? நான் ஒனக்கு அண்ணன்."

இதுதான் எங்கள் ஆண்பிள்ளைகள். கப்பலில் மூட்டை தூக்குவார்கள், தோளில் காவடி தூக்குவார்கள், அலகு குத்திக்கொள்ளும்போதுகூட முகம் சுளிக்க மாட்டார்கள். தங்கச்சியிடம் பயமாக இருக்கிறது என்று சொல்ல மட்டும் நாக்கு எழும்பாது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, "எந்திரிங்க, போலாம்" என்றேன்.

அடுத்த நாளே அவரைக் கண் பிரிவுக்கு அழைத்துப் போனேன். டாக்டரைப் பார்க்கவில்லை, அங்கே வேலை செய்யும் மலாய் நர்ஸ் ஒருவரைத்தான் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் சிரிக்கவில்லை. அண்ணனை உட்கார வைத்து, கண்ணில் மருந்து ஊற்றி மரத்துப்போக வைத்துவிடுவார்கள், கத்தி எதுவும் தெரியாது, மேலே ஒரு வெளிச்சம்தான் தெரியும், "நான் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொள்கிறேன், பாக்சிக்" என்று, மாமா என்று அழைத்து, மலாயில் நிதானமாகச் சொன்னார். அண்ணன் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்டார். அவரும் திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொன்னார். வெளியே வந்து லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது அண்ணன், "கையப் பிடிச்சிக்குவாங்களாம்" என்று என்னிடம் சொன்னார், எனக்குக் காது கேட்காத மாதிரி.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வயிற்றெரிச்சல். அண்ணன் தானாகவே சாப்பாட்டைக் குறைத்தார். தட்டில் பாதிக்குக் கீரையும் காயும், ஒரு துண்டு மீன், ஒரே ஒரு அகப்பை சோறு. கீழே கடையில் சீனியும் இல்லாமல் பாலும் இல்லாமல் தேநீர். பாய் நம்பாமல் இரண்டு முறை கேட்டாராம். மலைக்கு மட்டும் தொடர்ந்து போனார், ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டு. பிரசாதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு துளி மட்டும் வாயில் வைத்துவிட்டு மிச்சத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுவார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் புளோக்கைச் சுற்றி நடந்தோம். என் முழங்கால் வலிகூடக் குறைந்தது. அடப்பாவி மனுஷா, இவ்வளவும் உன்னால் முடியும் என்றால், இத்தனை நாள் என் உயிரை ஏன் வாங்கினாய்?

அடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. டாக்டர் தேதி கொடுத்தாள். முதலில் மோசமான வலது கண். அன்றைக்குக் காலையில் அந்த நர்ஸ் சொன்ன சொல் தவறாமல் வாசலிலேயே வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். நான் ஒரு காப்பி குடித்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்து, கண்ணில் கட்டோடு வெளியே வந்துவிட்டார்.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் அண்ணனின் இடது கண்ணைப் பொத்தச் சொல்லிவிட்டு, தன் கையை விரித்துக் காட்டினாள்.

"எத்தன விரல் அங்கிள்?"

அண்ணன் பார்த்தார். கழுத்தை முன்னால் நீட்டிப் பார்த்தார். "கை இருக்கிறது தெரியுது" என்றார். "விரல் தெரியல."

அவள் பெரிய கருவியில் வைத்து வெகு நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள். ஆப்பரேஷன் நன்றாகவே நடந்திருக்கிறது, புரை போய்விட்டது. ஆனால் சர்க்கரை கண்ணின் பின்பக்கத்தைக் கெடுத்துவிட்டது. சிகிச்சை செய்து பார்க்கலாம், ஆனால் போன பார்வை திரும்பும் என்று சொல்ல முடியாது. இடது கண்ணில் அவ்வளவு சேதம் இருக்காது என்று நினைக்கிறோம், அதை விட்டுவிடக் கூடாது. "முன்னாடியே செஞ்சிருந்தா?" என்று நான் கேட்டேன். அவள் அண்ணனைப் பார்த்தாள். இடது கண்ணுக்குத் தேதி எழுதிக் கொடுத்தாள்.

காரில் ஏறினோம். நான்தான் ஓட்டினேன். ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. பிரவுன் ரைஸ் கொஞ்சம் அதிகமாகப் போட்டுக்கொண்டதற்கே பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினவள் நான். அன்றைக்கு என்ன தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. ஜாலான் ஜெலுத்தோங்கில் வாகன நெரிசல். முன்னால் நின்ற லாரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"திட்டணும்னா திட்டிடு லா" என்றார் அண்ணன். "சும்மா வராத."

அவர் கையால் ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தார். கையை மாற்றி மற்றக் கண்ணைப் பொத்திப் பார்த்தார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"வலிக்கவே இல்ல தங்கச்சி" என்றார். "சத்தியமா, கொஞ்சம்கூட வலிக்கல."